தேறாத ஆளுக்குச் சம்பளம்

வெண்கோட்டை அரசில் கணினி இல்லாத துறை கிடையாது. ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் கணினிதான் கிடையாது. விதைநெல் இருக்கிறது என்று அரண்மனை இணையதளம் காட்டும். குடியானவர்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்தால் களஞ்சியம் காலியாக இருக்கும். நெல் சுங்கச்சாவடியில் கிடக்கும். அது சுங்கச்சாவடிக் கணினிக்கு மட்டும் தெரியும்.

ஒருநாள் வெறும் வண்டிகள் அரண்மனை வாசலை அடைத்துக்கொண்டு நின்றன. மன்னர் வல்லபராயர் பின்வாசல் வழியாகத்தான் கோயிலுக்குப் போக முடிந்தது. திரும்பியதும் அமைச்சர் திருமேனியைக் கூப்பிட்டார். திருமேனி வாய்ச் சாமர்த்தியத்தால் சபையில் இடம்பிடித்தவர். அதனாலேயே பலருக்கு ஆகாதவர்.

"எல்லாக் கணினிகளையும் இணையதளத்தோடு இணைக்கத் தெரிந்த மூத்த ஆளாகப் பார்த்துக் கொண்டுவாரும். விதைப்புக்குள் இது சரியாகவில்லையென்றால் உம் இருக்கையில் வேறொருவர் உட்காருவார்" என்றார் மன்னர்.

ஆள் கிடைத்தார். ஆராவமுதன் என்று பெயர். அக்கம்பக்கத்து அரசுகளில் இதே வேலை செய்து தலை நரைத்தவர். ஆனால் நேர்காணல் நடத்துகிறவர்கள் களஞ்சிய அதிகாரியும் சுங்க அதிகாரியும். கணினிகள் இணைந்துவிட்டால் ஒருவர் செய்யும் குளறுபடி மற்றவருக்குத் தெரிந்துவிடும். திருமேனியின் இருக்கையின் மீதும் இருவருக்கும் கண். மற்றபடி முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளாத அந்த இருவரும், வந்தவரைத் தேறவிடுவதில்லை என்பதில் மட்டும் ஒன்றானார்கள். இந்த ஒற்றுமை எல்லா அரண்மனைகளிலும் எப்படியோ அமைந்துவிடுகிறது.

போன வருடம் வாங்கிய மென்பொருளில் வாலிபத்திலிருந்தே அனுபவம் உண்டா என்று கேட்டார்கள். அது பிறந்ததே போன வருடம்தானே என்றார் ஆராவமுதன். எதிர்த்துப் பேசுகிறார் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

திருமேனி மன்னரிடம் முறையிடப் போகவில்லை. அதிகாரிகளைத் தனியே பார்த்து, தனக்கும் இந்த ஆளைப் பிடிக்கவில்லையென்றும், தன் மைத்துனனைக் கொண்டுவரப் பார்ப்பதாகவும் காதைக் கடித்தார். மைத்துனன் என்றதும் அவர்கள் உடனே நம்பினார்கள்.

"கேள்வி கேட்டால் பதில் சொல்லிவிடுகிறான் ஐயா. உங்களாலேயே முடியாத வேலையைக் கொடுங்கள். தானாக ஓடிவிடுவான்" என்றார் திருமேனி.

மறுநாள் ஆராவமுதனை மறுபடி வரவழைத்துக் கடவுச்சொல்லைக் கொடுத்து, களஞ்சியக் கணினியை இணையதளத்தோடு இணைத்துக் காட்டச் சொன்னார்கள். மாலைக்குள் இணைத்துக் காட்டினார். முகத்தில் பணிவு போதவில்லை, நாளைக்கு வாரும் என்றார்கள். அடுத்த நாள் சுங்கச்சாவடி. அதையும் இணைத்தார். நம் அரண்மனைப் பழக்கவழக்கத்துக்கு இவர் ஒத்துவரமாட்டார் என்றார்கள்.

விதைப்புக்கு முன் சபை கூடியது. தகுதியான ஆள் ஒருவரும் அகப்படவில்லை என்று அதிகாரிகள் வருத்தத்தோடு சொன்னார்கள். சொல்லும்போதே கண் திருமேனியின் இருக்கைக்குப் போனது.

"என்ன ஓய், ஆள் கிடைக்கவில்லையாமே?" என்றார் மன்னர்.

"ஆமாம் அரசே. தேர்வு இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. கொஞ்சம் வாசலைப் பாருங்கள்."

மன்னர் சாளரத்துக்குப் போனார். வாசலில் ஒரு வண்டிகூட இல்லை. தூரத்தில் நெல் மூட்டைகளோடு வண்டிகள் ஊர் திரும்பிக்கொண்டிருந்தன. திருமேனி நடந்ததைச் சொல்லி முடிக்கும்போது அதிகாரிகள் இருவரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அந்த ஆராவமுதனை இன்றே தேறியதாக அறிவித்துவிடுகிறேன்."

"வேண்டாம் அரசே. நல்ல சம்பளம் கொடுங்கள், வீடு கொடுங்கள். தேறாதவராகவே இருக்கட்டும்."

"ஏன்?"

"தேறிவிட்டால் நாளைக்கு அவரும் நேர்காணல் நடத்த உட்கார்ந்துவிடுவார். அப்புறம் வேலையை யார் செய்வது?"