இருபதுக்குப் பன்னிரண்டு

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் முட்ட, பக்கத்தில் இருப்பவர் முறைக்கும்படி சிரிக்கிற சிரிப்பு. ஆனால் அது நாற்பத்து மூன்றாம் நாள்தான் வரும். அதற்கு முன் ஒரு மனிதர் நாற்பத்திரண்டு நாள் வியர்க்க வேண்டும். அவரே பொறுத்தார், நாமும் பொறுப்போம்.

அவர் பெயர் தேவசகாயம். வயது முப்பத்தெட்டு. திருச்சியில் ஒரு கல்லூரியில் தாவரவியல் ஆசிரியர். மரம், செடி, கொடி எல்லாவற்றையும் மற்றவர்களுக்கு விட்டுவிட்டு, பாறையில் படியும் பாசியை மட்டும் தனக்கென்று எடுத்துக்கொண்டவர். கொல்லிமலையில் ஒரு பாறையிடுக்கில் அவர் பார்த்த பாசியின் படங்கள் கடல் தாண்டிப் போய் ஒரு பேராசிரியரின் கண்ணில் பட்டன. "என்னிடம் ஆராய்ச்சிக்கு வாருங்கள்" என்று அவர் எழுதினார். "நான் எடுக்கப்போகும் கடைசி மாணவர் நீங்கள். இந்த ஆண்டு வராவிட்டால் அந்த இடத்தை மூடிவிடுவார்கள்."

குறுக்கே நின்றது ஒரே ஒரு நுழைவுத் தேர்வு. ஜி.ஆர்.இ. அதிலும் ஆங்கிலம் அல்ல, கணக்கு. இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் வழுக்கி விழுந்திருந்தார். பாசிக்காரர் அல்லவா?

மூன்றாவது முறைக்கு ஒரு குருவைத் தேடிப் போனார்.

குரு என்றதும் தாடியைத் தேட வேண்டாம். தென்னூரில், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில், மூன்று பெஞ்சும் ஒரு மின்விசிறியும் உள்ள அறை. உள்ளே கடலை மிட்டாயைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தாள் நஸ்ரீன். வயது இருபத்து நான்கு. தேவசகாயம் ஒருமுறை படியிறங்கிப் போய் வாசலில் இருந்த பெயர்ப் பலகையைப் படித்துவிட்டு மறுபடி ஏறி வந்தார்.

"மிஸ்... நீங்கதானா?"

"நான்தான் சார். உட்காருங்க."

உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் வலது கால் ஆடத் தொடங்கியது. கையிலிருந்த பேனா டிக் டிக் என்றது. அவர் கொண்டுவந்த தேநீர் டம்ளர் பெஞ்சு ஓரத்தில் காலோடு சேர்ந்து ஆடியது.

"ரெண்டு தடவை எழுதினீங்களே, என்ன ஆச்சு?"

"முதல் பகுதி வெண்ணெய் மாதிரி போச்சு மிஸ். ரெண்டாவது பகுதியைத் திறந்தேன். ஒரு கேள்விகூடத் தெரிஞ்ச முகமா இல்ல. ஆகா, வெண்ணெய்னு நினைச்சதெல்லாம் பிரமை, முதல் பகுதியிலேயே கவுந்துட்டோம்டான்னு விளங்கிருச்சு. கண்ணுல பட்டதையெல்லாம் க்ளிக் பண்ணிட்டு எந்திரிச்சு வந்துட்டேன்."

"ரெண்டாவது தடவை?"

"அதேதான்."

"முதல் பகுதி நல்லா எழுதினவங்களுக்குத்தான் பரீட்சை கம்ப்யூட்டர் ரெண்டாவது பகுதியைக் கஷ்டமா எடுத்து வைக்கும். தெரியுமா சார்?"

"தெரியும் மிஸ். என் ஸ்டூடண்ட்ஸுக்கே போர்டுல எழுதிப் போட்டுச் சொல்லியிருக்கேன்."

"எப்பலேர்ந்து தெரியும்?"

"முதல் தடவை எழுதறதுக்கு முன்னாடியே தெரியும்."

நஸ்ரீன் மிட்டாயை இரண்டாக உடைத்து ஒரு பாதியை அவரிடம் நீட்டினாள்.

"அப்ப சொல்லிக் குடுக்க ஒண்ணும் இல்ல. தினமும் வந்து எழுதுங்க."

அவ்வளவுதான் உபதேசம். ஒரு பழுப்பு உறையிலிருந்து கேள்வித்தாளை எடுத்துக் கொடுத்தாள். இருபது கேள்விகள், நாற்பது நிமிடம். விடைகளைத் தனித் தாளில் எழுத வேண்டும். ஏழாவது கேள்வியில் கால் வேகமெடுத்தது. தேநீர் டம்ளர் கேள்வித்தாளின் மேல் தாவி உட்கார்ந்தது. எடுத்துப் பார்த்தால் வலது மேல் மூலையில் வட்டமாக ஒரு கறை.

"ஐயோ, மன்னிச்சிருங்க மிஸ். கேள்வித்தாளைப் பாழாக்கிட்டேன்."

"இருக்கட்டும் சார். எழுதுங்க."

நாற்பது நிமிடமும் தீர்ந்தது. சட்டை நனைந்தது. இருபதுக்குப் பன்னிரண்டு.

கீழே இறங்கியபோது ஜெராக்ஸ் கடை முத்தழகு எட்டிப் பார்த்தார். கேள்வித்தாள்களைத் தினமும் நகல் எடுத்துக் கொடுப்பவர் அவர்தான். இருபது வருடம் அந்த மெஷினோடு பழகியதில் அவர் பேச்சும் அதைப் போலவே ஆகிவிட்டது. எதையும் இரண்டு பிரதி எடுப்பார்.

"எத்தனை சார், எத்தனை?"

"பன்னெண்டு."

"பரவால்ல, பரவால்ல."

மறுநாள் பதின்மூன்று. அதற்கடுத்த நாள் பதினொன்று. பிறகு பன்னிரண்டு. பத்தாம் நாளும் பன்னிரண்டு.

"மிஸ், நான் முன்னேறுறேனா?"

"இன்னிக்கு எத்தனை?"

"பன்னெண்டு."

"நாளைக்கு வாங்க."

தேவசகாயம் பேனாவை மாற்றிப் பார்த்தார். ஜன்னலோர பெஞ்சுக்கு மாறினார். தேநீரை விட்டார். வேளாங்கண்ணிக்கு ஒரு மெழுகுதிரி நேர்ந்துகொண்டார். விடியற்காலை எழுந்து குக்கர் விசில் எண்ணும் நேரத்தில்கூட விகிதக் கணக்குப் போட்டார். மனைவி, "நாலு விசில் வந்து ஆவியடங்கி இட்லி வேற அவிஞ்சிருச்சு, நீங்க இன்னும் ரெண்டுலயே நிக்கிறீங்க" என்றாள். அன்றும் பன்னிரண்டு.

பதினெட்டாம் நாள் முத்தழகு மறுபடி கேட்டார்.

"எத்தனை சார், எத்தனை?"

"பன்னெண்டு."

முத்தழகின் கன்னம் உப்பியது. உதட்டைக் கடித்தார். தாங்க முடியாமல் மெஷினுக்குப் பின்னால் குனிந்துகொண்டார். தோள்கள் மட்டும் குலுங்குவது தெரிந்தது.

தேவசகாயத்துக்கு முகம் சுண்டிவிட்டது. ஊர் சிரிக்கிறது என்று கேள்விப்பட்டிருக்கிறார். ஜெராக்ஸ் கடையே சிரிக்கும் என்று அவர் நினைக்கவில்லை.

இதுவா அந்தச் சிரிப்பு? இல்லை. இது சில்லறை.

இருபத்தேழாம் நாள் ஒரு அதிசயம் நடந்தது. இருபதுக்குப் பதினேழு! தேவசகாயம் இரண்டு முறை கூட்டிப் பார்த்தார். ஓடிப்போய்க் கால் கிலோ ஜிலேபி வாங்கி வந்தார். குருவுக்குக் கொடுத்தார், முத்தழகுக்குக் கொடுத்தார், படியில் படுத்திருந்த பூனைக்கும் ஒரு துண்டு போட்டார்.

"பிடிச்சிட்டேன் மிஸ்! சூட்சுமம் பிடிபட்டுருச்சு!"

"ஜிலேபி நல்லா இருக்கு சார். நாளைக்கு வாங்க."

இருபத்தெட்டாம் நாள் ஒன்பது.

"மிஸ்! நேத்து பதினேழு, இன்னிக்கு ஒம்பதா? ஒரே ராத்திரியில ஒருத்தன் முட்டாளாவானா?"

நஸ்ரீன் நேற்று மிஞ்சிய ஜிலேபியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கும் நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

பிறகு மெல்ல மெல்ல ஏறி, மீண்டும் பன்னிரண்டில் வந்து நின்றார். மாட்டைக் கட்டிப்போட்ட முளைக்குச்சி மாதிரி அந்தப் பன்னிரண்டு அவரை இழுத்து இழுத்துப் பிடித்தது.

நாற்பத்தோராம் நாள் அவர் பெஞ்சில் உட்காரவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தார்.

"நாளன்னிக்குப் பரீட்சை மிஸ். நான் எழுதப் போறதில்ல."

"ஏன் சார்?"

"நாப்பது நாள். எண்ணூறு கேள்வி. ஆரம்பிச்ச இடத்துலயே நிக்கிறேன். பேராசிரியருக்கு மெயில் அடிச்சு வெச்சுட்டேன். 'வேற ஆளைப் பாருங்க'ன்னு. பட்டனை அமுக்க வேண்டியதுதான் பாக்கி."

"சரி. இன்னிக்குத் தாளை எழுதிட்டு அமுக்குங்க."

"எதுக்கு மிஸ்?"

"ஜெராக்ஸ் எடுத்தாச்சு. வீணாப் போயிரும்."

சலித்துக்கொண்டே உட்கார்ந்தார். தாளைப் பிரித்தார். மூலையில் சாம்பல் நிறத்தில் ஒரு வளையம் விழுந்திருந்தது. இந்த முத்தழகு மெஷினின் கண்ணாடியைத் துடைக்கவே மாட்டான் போல என்று நினைத்துக்கொண்டார். முதல் கேள்வி. எழுதினார். இரண்டு, மூன்று. பேனா நிற்கவில்லை. பதினான்காம் நிமிடம் விடைத்தாளை நீட்டினார்.

நஸ்ரீன் திருத்தினாள். இருபதுக்கு இருபது.

தேவசகாயம் ஜிலேபிக்கு ஓடவில்லை. முகம் சிவந்துவிட்டது.

"என்ன மிஸ் இது? ஸ்கூல் பிள்ளைக்குக் குடுக்கிற கணக்கையெல்லாம் எனக்குக் குடுத்திருக்கீங்க?"

"சுலபமா இருந்துச்சா?"

"கேவலமா இருந்துச்சு. எனக்குப் புரியுது மிஸ். வைத்தியர் கைவிட்ட நோயாளிகிட்டதான், 'பிடிச்சதையெல்லாம் சாப்பிடுங்க'ன்னு சொல்லுவாங்க. என்மேல இரக்கப்பட்டு இதைக் குடுத்திருக்கீங்க."

நஸ்ரீன் தாளை உறைக்குள் போட்டு மூடினாள்.

அவர் படி வரைக்கும் போனார். நின்றார். கைபேசியை எடுத்தார். கட்டைவிரல் பட்டனுக்கு மேலேயே வட்டமிட்டது. கொல்லிமலைப் பாறையிடுக்கில் பச்சையாய் மினுங்கிய அந்தப் பாசி கண்ணுக்குள் வந்தது. அதற்கு இன்னும் பெயர்கூட இல்லை. திரும்பி வந்தார்.

"ஒருவேளை எழுதினேன்னு வைங்க மிஸ். ரெண்டாவது பகுதி மறுபடியும் அதே மாதிரி வந்தா என்ன பண்றது?"

"நான் குடுத்த தாள்னு நினைச்சுக்குங்க."

"நீங்க குடுத்ததுல எல்லாம் பன்னெண்டுதானே வாங்கினேன்?"

"ஆமா" என்றாள் நஸ்ரீன்.

அந்த 'ஆமா'வை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவருக்கு விளங்கவில்லை. பட்டனை அமுக்காமலே, பரீட்சைக்குப் பேருந்தில் சென்னை போகும் வரை, விழுப்புரம் தாண்டியும், அதை மென்றுகொண்டே போனார்.

நாற்பத்து மூன்றாம் நாள்.

குளிரூட்டிய அறை. கண்ணாடித் தடுப்புகள். ஒவ்வொரு தடுப்புக்குள்ளும் ஒரு கணினி, ஒரு மனிதர், ஒரு பயம். எல்லாரும் அவருடைய மாணவர்களின் வயதுதான். கிறுக்கிப் பார்க்கத் தாளும் பென்சிலும் கொடுத்திருந்தார்கள்.

கணக்கின் முதல் பகுதி வந்தது. போனது. வெண்ணெய்.

அதுவே அவருக்குக் கலக்கமாக இருந்தது. வெண்ணெய்க்குப் பின்னால் என்ன வரும் என்று அவருக்குத் தெரியாதா?

இரண்டாம் பகுதி திறந்தது.

முதல் கேள்வியைப் படித்தார். மறுபடி படித்தார். பாறைபோல் நின்றது. இரண்டாவது அதைவிட உயரம். மூன்றாவதற்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. வலது கால் ஆடத் தொடங்கியது. பென்சில் மேசையில் டொக் டொக் என்றது. பக்கத்துத் தடுப்பிலிருந்து ஒரு பெண் எட்டி முறைத்தாள்.

கவுந்துட்டோம், என்றது உள்ளே ஒரு குரல். முதல் பகுதியிலேயே கவுந்துட்டோம். மூணாவது தடவையும்.

மவுஸ் மேல் கை போனது. கண்ணில் பட்டதை அழுத்திவிட்டு எழுந்து போய்விடலாம். நான்கு. க்ளிக். படிக்கவேயில்லை. ஐந்து.

ஐந்தாவது கேள்வியில் ஒரு படம் இருந்தது. திரையின் வலது மேல் மூலையில், சாம்பல் நிறக் கோட்டில், ஒரு வட்டம்.

கை நின்றது.

இந்த வட்டத்தை இதே மூலையில் எங்கேயோ பார்த்திருக்கிறோமே. நேற்று முன்தினம். ஜெராக்ஸ் மெஷின் அழுக்கு.

அழுக்கு இத்தனை வட்டமாகவா விழும்? டம்ளர் வைத்த மாதிரி...

கால் ஆட்டம் நின்றது.

டம்ளர். அவருடைய டம்ளர். முதல் நாள். ஏழாவது கேள்வி. நாற்பது நிமிடமும் போதாமல், சட்டை நனைந்து, பன்னிரண்டு வாங்கிய தாள். அதையா நேற்று முன்தினம் பதினான்கு நிமிடத்தில் முடித்துவிட்டு, ஸ்கூல் பிள்ளைக் கணக்கு என்று குருவிடம் கோபித்தோம்?

அப்படியானால் நடுவில் வந்த அந்தப் பன்னிரண்டெல்லாம்?

பதினேழு வாங்கிய மறுநாள், அதைவிடக் கடினமான தாளில் ஒன்பது. "இன்னிக்கும் நல்லாத்தான் இருக்கு." மெஷினுக்குப் பின்னால் குனிந்துகொண்ட முத்தழகு. ஒவ்வொரு நாளும் என்ன தாளை நகல் எடுக்கிறோம் என்று பார்த்துக்கொண்டிருந்த ஒரே ஆள்.

தேவசகாயம் திரையைப் பார்த்தார். பாறைபோல் நிற்கிற கேள்விகளைப் பார்த்தார்.

நான் குடுத்த தாள்னு நினைச்சுக்குங்க.

முதலில் கன்னம் உப்பியது. உதட்டைக் கடித்துப் பார்த்தார். முடியவில்லை. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, மூக்கு வழியாக ஒரு முறை சீறி, பிறகு அணை உடைந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். தடுப்புக்குத் தடுப்பு தலைகள் எழும்பின.

மேற்பார்வைக்கு நின்ற பெண் விறுவிறுவென்று வந்து அவர் காதருகே குனிந்தாள்.

"சார், ப்ளீஸ். மத்தவங்களுக்கு இடைஞ்சலா இருக்கு. என்ன ஆச்சு?"

தேவசகாயம் நான்காவது கேள்விக்குத் திரும்பிப் போய், கண்ணை மூடிக்கொண்டு அழுத்திய விடையை அழித்தார். பென்சிலை எடுத்துக்கொண்டார்.

"ஒண்ணுமில்லம்மா" என்றார் பல் தெரிய. "ரொம்பக் கஷ்டமா இருக்கு."