கொக்கியில் கட்டிய கம்பி

பெருந்துறைப் பக்கம் ஒரு சாயப்பட்டறை. துணியைச் சாயத்தில் வேகவைக்கும் மெஷின்கள் அங்கே நான்கு. ஒவ்வொரு மூடியிலும் ஒரு கொக்கி உண்டு. உள்ளே அழுத்தம் முழுதாக இறங்கும்வரை அது மூடியைத் திறக்க விடாது. அதற்கு எட்டு நிமிடம் ஆகும். அவ்வளவு பொறுமை யாருக்கு இருக்கிறது? கொக்கியை இழுத்துக் கம்பியால் கட்டிவிட்டு வேலை பார்ப்பதுதான் அங்கே வழக்கம். மேனேஜருக்கும் தெரியும், தெரியாதவர் மாதிரி இருப்பார்.

துளசிமணியும் அன்று காலை தன் மெஷினில் கம்பி கட்டினாள். மூடியைத் திறந்ததும் கொதிக்கும் சாயத் தண்ணீர் சீறி வந்து அவள் வலது கையில் அடித்தது.

பக்கத்து மெஷின் மருதாசலம் ஓடிவந்து, வளையல்களைக் கழற்றி, கையைக் குழாய்த் தண்ணீரில் பிடித்துக்கொண்டார். யாரோ பற்பசையோடு வந்தார்கள். "அதெல்லாம் வேண்டாம். இருவது நிமிசம் தண்ணிதான்" என்று விரட்டினார். பிறகு பட்டறை வேன் டிரைவர் காதர் பாய் வேகமாக ஓட்டிப்போய் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார். மெஷின்களைப் பழுதுபார்க்கும் பிட்டர் சென்னியப்பன் மட்டும் அவள் பக்கம் திரும்பவே இல்லை. அவள் அலறிக்கொண்டிருக்க, கட்டிங் பிளேயரால் மற்ற மூன்று மெஷின்களின் கம்பிகளை அறுத்துக்கொண்டிருந்தார். அடுத்துத் திறக்க வேண்டியது மருதாசலத்தின் மெஷின். 'மனுசனா இவர்' என்று அவளுக்கு வெகுநாள் மனத்தாங்கல்.

கை பிழைத்தது, விரல்களும் பழையபடி மடங்கின. அவள் வேலைக்குத் திரும்பியபோது கம்பிகளும் திரும்பியிருந்தன. பதிவேட்டில் விபத்துக்குக் காரணம் 'மூடிப் பழுது' என்று இருந்தது.

பாதுகாப்பு வார விழாவுக்கு மேனேஜர் ஒரு கேடயம் வாங்கினார். 'தொழிலாளர் கைகளைக் காத்தவருக்கு' என்று அதில் எழுதியிருந்தது. "யார் பேரைப் போடலாம், நீயே சொல்லம்மா" என்று துளசிமணியிடம் கேட்டார்.

மருதாசலம் என்றாலும் காதர் பாய் என்றாலும் கைதட்டலோடு முடிந்துவிடும். சென்னியப்பன் என்றால் ஏன் என்று கேட்பார்கள். கம்பியைச் சொல்ல வேண்டும். அன்று கட்டியவள் தான்தான் என்பதையும் சொல்ல வேண்டும். வேலையே போகலாம்.

கேட்டுக்கொண்டிருப்பவர்களே, துளசிமணி யார் பெயரைச் சொல்வது நியாயம்?

விடை: அவள் முதலில் மருதாசலம் வீட்டுக்குப் போய் நன்றி சொல்லி அழுதாள். பிறகு விழாவில் எழுந்து, "என் கையைக் காப்பாத்துனது மருதாசலண்ணன். இங்க இருக்கிற மத்த கையெல்லாம் காப்பாத்துனது சென்னியப்பண்ணன். அன்னைக்குக் கம்பி கட்டுனது நானுங்க" என்றாள். கேடயத்தில் இருந்தது 'கை' அல்ல, 'கைகள்'. அதனால் சென்னியப்பன் பெயரே நியாயம். மேனேஜர் கேடயத்தை உள்ளே கொண்டுபோய்ப் பூட்டிவிட்டார். துளசிமணியை வேலையை விட்டு அனுப்ப முடியவில்லை. கம்பி கட்டியதற்காக அனுப்பினால் எல்லோரையும் அனுப்ப வேண்டியிருக்கும். மறுநாள் காலை மருதாசலம் தன் மெஷின் கம்பியைத் தானே அறுத்துப் போட்டுவிட்டு, எட்டு நிமிடம் கைகட்டி நின்றார்.