பொன்னாடைக்கு ஒரு கிலோ மைசூர்பாகு

கோபிச்செட்டிபாளையத்தில் மிட்டாய்க்கடை வைத்திருந்த நஞ்சப்பன் முதலாளிக்குத் தீபாவளி மலர் போடும் ஆசை வந்தது. நேராகக் கவிஞர் மாரப்பனைப் பிடித்தார்.

"ஒரு கவிதை குடுங்க."

"சன்மானம் எவ்வளவுங்க?"

"சன்மானமா? ஊரே உங்க பேரைப் படிக்குமுங்க! மேடையில பொன்னாடை வேற போத்தறோம். அதுக்கு மேல என்னங்க?"

மாரப்பனுக்கோ மாதக்கணக்காக ஒரு வரியும் வரவில்லை. சும்மா கொடுப்பதா, முடியாது என்பதா என்று யோசித்தே பேனா காய்ந்துவிட்டது. முன்பு வாங்கிய பொன்னாடைகள் டிவிக்கும் மிக்சிக்கும் உறையாகிக் கிடந்தன.

"இன்னொண்ணு வந்தா கிரைண்டருக்கு ஆகுமுங்க," என்றாள் மனைவி.

வந்த எரிச்சலில், மிக்சிமேல் கிடந்ததை உருவிக்கொண்டு கிளம்பினார்.

கடையில் தீபாவளிக் கூட்டம். மாரப்பன் ஒரு கிலோ மைசூர்பாகு கட்டச் சொல்லிப் பையில் போட்டுக்கொண்டார். கல்லாவில் இருந்த முதலாளிக்குப் பொன்னாடையைப் போர்த்தி, கைதட்டிவிட்டு நடந்தார்.

"கவிஞரே, காசு?"

"உங்க பாகு எப்படீன்னு ஊரெல்லாம் சொல்றேனுங்க முதலாளி. பொன்னாடை வேற போத்தியாச்சு. அதுக்கு மேல என்னங்க?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "எனக்கும் ஒரு கிலோ கட்டுங்க, தோள்ல துண்டு இருக்குது!" என்றார் வரிசையில் நின்ற ஒருவர்.

முதலாளி பதறிப்போய்க் கல்லாவைத் திறந்து சன்மானத்தை நீட்டினார். "இந்தாங்க, பாகும் உங்களுக்கே. ஆனா கவிதை நாளைக்கே வேணுமுங்க!"

வழியெல்லாம் மாரப்பன் தலையில் அடித்துக்கொண்டார். எழுதாமல் இருக்கக் கையிலிருந்த, 'சன்மானம் இல்லை' என்ற ஒரே சாக்கையும் அல்லவா விற்றுவிட்டார்!