தாண்டவராயர் பிடுங்கிய பல்பு

ரைஸ்மில் தாண்டவராயருக்கு மில்லைவிட வாய் பெரிது. அவருடைய முப்பது வருஷத்துக் கார் ஆறே மாசத்தில் மூன்று பேட்டரிகளைத் தின்று தீர்த்தது. பேட்டரி செத்தபோதெல்லாம் டிரைவரைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினார். நாலாவதாக வந்து மாட்டிக்கொண்டவன் இசக்கிமுத்து.

புது பேட்டரிக்குப் பூஜை போட்டு, பானெட்டில் சந்தனம் அப்பியிருந்தது. "வெள்ளிக்கிழமை வரைக்கும் பானெட்டைத் திறக்கக் கூடாதுன்னு ஜோசியர் சொல்லிட்டாரு. திறக்காமலே கோளாறைக் கண்டுபிடி. முடியாதுன்னா நடையைக் கட்டு!" என்றார் தாண்டவராயர்.

இசக்கிமுத்து சாவியைத் திருப்பினான். டேஷ்போர்டில் எரிய வேண்டிய, பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கைக் காணோம்.

"இங்க இருந்த பல்பு எங்க முதலாளி?"

"நான்தான் பிடுங்கச் சொன்னேன். ஏறி உட்கார்ந்ததும் என் மூஞ்சிக்கு நேரா சிவப்பைக் காட்டுது, அபசகுனம்! ஆறு மாசமாச்சு."

இசக்கிமுத்து சிரிப்பை விழுங்கிக்கொண்டு, டேஷ்போர்டுக்கு அடியில் கைவிட்டு ஒரு பல்பை மாட்டினான். விளக்கு சிவப்பாக எரிந்தது. எஞ்சின் ஓடியதும் அணைந்தது. ஹெட்லைட்டைப் போட்டு ஆக்சிலேட்டரை மிதித்தான். வெளிச்சம் பளிச்சென்று ஏறியது.

"பேட்டரிக்குச் சார்ஜ் ஏத்துற ஆல்டர்னேட்டரை எழுப்பிவிடுற கரண்ட்டே இந்த பல்பு வழியாத்தான் போகுது முதலாளி."

"அந்த மூணு தடியனுங்களும் இதை ஏன்டா சொல்லலை?"

"கோளாறைக் காட்டுற பல்பையே பிடுங்கிப் போட்டீங்க. டிரைவர் எப்படி முதலாளி வாயைத் திறப்பான்?"