பலா மரத்தில் ஒரு தாய்மாமன்

சோலைக்காட்டை ஒட்டிய நரிப்பாறையில் அறிவுக்குப் பஞ்சமே இல்லை. எவரும் அதைச் செலவிட்டதில்லை. அவ்வூர்ச் சங்கிலியானுக்கு அன்று ஒரே கவலை. தங்கை பூவாத்தாளுக்கு வந்திருக்கும் சம்பந்தம் கைநழுவிவிடக் கூடாது. முன்பு வந்தவர்களெல்லாம் அண்ணனோடு இரண்டு வார்த்தை பேசிய அளவிலேயே செருப்பைத் தேடியவர்கள்.

தரகர் தெளிவாகச் சொல்லியிருந்தார்: "மாப்பிள்ளையோட தாய்மாமன் தனியா வருவாருங்க. கறுத்த முகம், சுத்தியும் வெள்ளைத் தாடி. அதிகம் பேசமாட்டாரு. தாம்பூலத் தட்டை அவரு கையில எடுத்துட்டா, சம்பந்தம் முடிஞ்சது."

வனக்காவலரும் தெளிவாகவே சொல்லியிருந்தார்: "சிங்கவால் குரங்கு பலாப்பழத்துக்கு இறங்குது. கறுத்த முகம், வெள்ளைப் பிடரி, வால் நுனியில குஞ்சம். கல்லெறியாதீங்க. கைதட்டிக் கூச்சல் போட்டா மரத்துல ஏறிக்கும்."

சங்கிலியானும் அவன் கூட்டாளிகள் மொட்டையனும் ஒண்டிமுத்தும் முற்றத்துக்கு வந்தபோது, நாற்காலியில் வெண்தாடியோடு ஒருவர் அமர்ந்து, பலாச்சுளைகளை இரு கன்னங்களிலும் அடக்கிக்கொண்டிருந்தார்.

"வாங்க மாமா!" என்று சங்கிலியான் கும்பிட்டான். அவர் பல்லைக் காட்டினார்.

"சிரிக்கிறாருடா!" என்றான் மொட்டையன்.

"வேட்டியைக் காணமே?" என்றான் ஒண்டிமுத்து.

"காட்டுவழி வந்திருக்காரு. முள்ளு இழுத்திருக்கும். கேட்டு மானத்தை வாங்காதே!" என்று சங்கிலியான் அதட்டினான்.

அப்போது, இடுப்பில் கட்டிய துண்டின் குஞ்சம் பின்னால் அசைய, இன்னொரு வெண்தாடி வேலிப்படலைத் திறந்தது.

"குஞ்சம்! குஞ்சம்!" என்று அலறி, மூவரும் கைதட்டிப் பாய்ந்தனர். வந்தவர் ஓடிப்போய்ப் பலா மரத்தில் ஏறி உச்சிக்கிளையைப் பற்றினார்.

"காவலர் சொன்னபடியே ஏறிடுச்சு பாரு!" என்று மொட்டையன் வியந்தான்.

"அடே பாவிகளா! நான்தாண்டா தாய்மாமன்!"

சங்கிலியான் நாற்காலியின் பக்கம் பணிவோடு குனிந்தான். "மாமா மனசுல வச்சுக்காதீங்க. எங்க ஊருக் குரங்குக்கு வாய் கொஞ்சம் நீளம்." இவ்வாறு கூறித் தாம்பூலத் தட்டை நீட்டினான்.

பெரியவர் தட்டைப் பறித்தார், வேலியில் தாவினார், கிளைக்குக் கிளை பாய்ந்து காட்டுக்குள் மறைந்தார்.

"தட்டை எடுத்துட்டாரு! சம்பந்தம் முடிஞ்சது!" என்று மூவரும் கட்டித் தழுவிக் குதித்தனர். திடீரெனச் சங்கிலியான் முகம் வாடிற்று.

"மாப்பிள்ளை வீட்டுக்கு வழியே மரத்து மேலதான் போலிருக்கு. தங்கச்சிக்கு மரமேறத் தெரியாதேடா!"

மூவரும் ஆழ்ந்து சிந்தித்தனர்.

"ஏணி! ஏணியைக் கொண்டாங்கடா!" என்று உச்சியிலிருந்து குரல் வந்தது.

சங்கிலியான் முகம் மலர்ந்தது. "அதை இறக்கிடாதீங்கடா! ஒரு மாசம் அங்கேயே இருக்கட்டும். அம்மா பூவாத்தா, சேலையை வரிஞ்சு கட்டிக்கிட்டு ஓடி வா! வாத்தியாரு மேலே காத்திருக்காரு!"