வேட்டி எடுக்கப் போன லோடர்

கொழிஞ்சிப்பாளையத்தில் தேங்காய் நார்க் கழிவு காயவைக்கிற களம் ஒன்று இருக்கிறது. அங்கே நாலு பேர் வேலை பார்க்கிறார்கள். நாலு பேருக்கும் சேர்த்து மூளை எவ்வளவு என்று என்னிடம் கேட்காதீர்கள். நல்லவர்கள். சொன்ன வேலையைத் தட்டாமல் செய்வார்கள். சொன்னதை மட்டும்தான் செய்வார்கள், அங்கேதான் வம்பு.

லோடர் ஓட்டுகிறவன் அர்த்தநாரி. நார் கிளறுகிறவன் குப்புராசு. திருமலைசாமி வாட்ச்மேன். மூட்டை கட்டுகிற நல்லசிவம்தான் நம்ம கதையின் மாப்பிள்ளை.

லோடர் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு ஆள் உட்காருகிற கூண்டு, நாலு சக்கரம், முன்னால் இரண்டு இரும்புக் கைகள், கை நுனியில் ஒரு பக்கெட், அவ்வளவுதான். கை ஏறுவதும் இறங்குவதும் ஆயில் அழுத்தத்தில் நடக்கிறது. உட்கார்ந்ததும் மடிக்கு மேலே ஒரு கம்பியை இறக்கிக்கொள்ள வேண்டும். அர்த்தநாரி தினமும் இறக்கிக்கொள்கிறான். ஏன் என்று அவன் யாரையும் கேட்டதில்லை, யாரும் சொன்னதுமில்லை.

நல்லசிவத்துக்கு வயது முப்பத்தி நாலு. பதினேழு இடத்தில் பஜ்ஜி தின்று, பதினெட்டாவது இடத்தில்தான் செல்வநாயகி சரி என்றாள். வெள்ளிக்கிழமை நிச்சயம். பத்தரைக்கு ராகு காலம் பிறக்கிறது, அதற்குள் வெற்றிலை பாக்கு மாற்றியாக வேண்டும். பெண்ணின் அப்பா நேர விஷயத்தில் ரொம்பக் கறார். போன வருடம் ஒரு மாப்பிள்ளையை நாலு நிமிடம் தாமதம் என்று தட்டோடு திருப்பி அனுப்பிய ஆள். "இந்த இடமும் போச்சுன்னா நான் இப்படியே கெடக்க வேண்டியதுதான்டா" என்று நல்லசிவம் வாரம் முழுக்கப் புலம்பிக்கொண்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணிக்கு, இஸ்திரி போட்ட பட்டு வேட்டியைக் காற்றாடட்டும் என்று களத்துக் கொடியில் போட்டான். காற்று வந்து ஆடிவிட்டு வேட்டியையும் கூட்டிக்கொண்டு போய் வேப்பமரத்து உச்சிக் கொப்பில் மாட்டியது.

"ஏறுடா பக்கெட்ல" என்றான் அர்த்தநாரி. லுங்கியோடு நல்லசிவம் ஏறினான். கை மேலே போனது. வேட்டி கைக்கு வந்தது. அந்த அழகைப் பார்க்க வேண்டுமே என்று அர்த்தநாரி மடிக்கம்பியைத் தூக்கிவிட்டு, வண்டியை விட்டு இறங்கி, தள்ளி நின்று பார்த்தான். பார்த்து முடித்ததும் வெளியே நின்றபடியே கூண்டுக்குள் கையை விட்டு லிவரை இழுத்தான். பக்கெட் அசையவில்லை. இன்னொரு தரம் இழுத்தான். ம்ஹூம்.

மாப்பிள்ளை பன்னிரண்டடி உயரத்தில், பட்டு வேட்டியை நெஞ்சோடு அணைத்தபடி நின்றான்.

இந்த வண்டியைப் பழுது பார்க்கிற மெக்கானிக் பொன்னுக்குட்டிதான் செல்வநாயகிக்குத் தாய்மாமன். நிச்சயம் நடக்கிற மண்டபத்து வாசலில் ஒறம்பரைச் சனத்துக்குச் சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்தவருக்கு அர்த்தநாரி போன் போட்டான்.

"அண்ணா, வண்டி கை மேலயே நின்னுபோச்சுங்க."

"இன்னைக்கு எதுக்குடா வண்டிய எடுத்தீங்க?" என்று கிசுகிசுத்தார் பொன்னுக்குட்டி. பெண்ணின் அப்பாவான மச்சான் காதில் விழுந்தால் கதை கந்தல் ஆகிவிடும். "சரி, சொல்றதக் கேளு. மொதல்ல எல்லாரும் வண்டிய விட்டு வெளிய வாங்க. பக்கெட்டுக்குக் கீழ ஒருத்தனும் நிக்கக் கூடாது. பொறகு பின்னால மூடியத் தொறந்து, ஆயில் கம்மியா இருந்தா ஊத்து."

மூன்று பேரும் வண்டியை விட்டுப் பத்தடி தள்ளி நின்றார்கள். ஆயில் கம்மியாகத்தான் காட்டியது. கை மேலே இருக்கும்போது ஆயில் பாதி கைக்குள் ஏறியிருக்கும், தொட்டியில் அப்படித்தான் காட்டும். அது இவர்களுக்கு எங்கே தெரியும்? ஒரு கேனை முழுசாக ஊற்றினார்கள். மூடச் சொல்லவில்லை என்பதால் மூடவில்லை.

"ஊத்தியாச்சுங்க. அசையல."

"அப்ப எங்காச்சும் கசியும். கையால தடவிப் பாத்துறாதீங்கடா, அந்த அழுத்தத்துக்குக் கையே போயிரும். ஒரு அட்டைய, ஆயில் போற ஓஸ் பக்கத்துல புடி. அட்டை நனைஞ்சா கசிவு."

நிச்சயத்துக்கு வாங்கிய லட்டு அட்டைப்பெட்டியைக் காலி செய்தார்கள். காலி செய்வதில் குப்புராசு கைதேர்ந்தவன். கிழித்த அட்டையைத் திருமலைசாமி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணிமைக்காமல் அரைமணி நேரம் வெயிலில் நின்றான். பிறகு கத்தினான்.

"நனைஞ்சிருச்சு!"

அர்த்தநாரி வந்து பார்த்தான். அட்டையின் இரண்டு ஓரமும் ஈரம், விரல் பிடித்த இடத்தில்.

"ஓஸ் காய்ஞ்சு கெடக்குது. கசியறது நீதான்" என்றான்.

திருமலைசாமிக்கு முகம் வெளுத்துவிட்டது. "எனக்கு வீட்ல ரெண்டு பொட்டப்புள்ளைக இருக்குதுடா" என்று உட்கார்ந்துவிட்டான். குப்புராசு அவனுக்கு ஒரு லட்டு கொடுத்துத் தேற்றினான்.

"மணி ஒம்பதே முக்கால்டா, பாவிகளா!" என்று மேலேயிருந்து அலறினான் நல்லசிவம்.

மறுபடி போன். "அண்ணா, கசிவு திருமலைசாமிகிட்டங்க."

மறுமுனையில் நாதஸ்வரம் முழங்கிக்கொண்டிருந்தது. "என்னமோ போ. ஆயில்ல காத்து பூந்திருக்கும்" என்றார் பொன்னுக்குட்டி.

அர்த்தநாரி போனைப் பொத்திக்கொண்டு மற்றவர்களைப் பார்த்தான். "வேட்டியத் தூக்கிட்டுப் போச்சே, அதே காத்துதான். இப்ப வண்டிக்குள்ள போயி ஒளிஞ்சிருக்குது."

மூவரும் கூடி ஆலோசித்தார்கள்.

குப்புராசு கேட்டான்: "பாரம் அதிகமானா பக்கெட் மேல போகாதுல்ல?"

"போகாது" என்றான் அர்த்தநாரி.

"அப்ப பாரம் கம்மியானாக் கீழ வராது. நல்லசிவத்த மட்டும் வெச்சுட்டு வாடான்னா எப்படி வரும்? பொண்ணு பாக்கப் பாக்க எளைச்சுட்டான்."

"ஆமாமா" என்றான் திருமலைசாமி. "பக்கெட்டுக்குக் கீழ நிக்கக் கூடாதுன்னு வேற சொன்னாரு. அப்ப மேலதான் நிக்கோணும்."

ஓடிப்போய்ப் பக்கத்துத் தோப்பிலிருந்து ஏணி கொண்டுவந்து பக்கெட்டில் சாத்தினார்கள். ஒருவர் பின் ஒருவராக ஏறி, மூன்று பேரும் உள்ளே நெருக்கிக்கொண்டு நின்றார்கள். நல்லசிவம் அவர்களுக்கு ஒதுங்கி இடம் கொடுத்தான். நெருக்கத்தில் வேட்டி கசங்கிவிடும் என்று பயந்து, அதைப் பத்திரமாகப் பழைய கொப்பிலேயே விரித்து மாட்டினான்.

"அப்படியும் எறங்கலியே?" என்றான் அர்த்தநாரி.

குப்புராசு கீழே பார்த்தான். "எப்படி எறங்கும்? ஏணி முட்டுக் குடுத்துட்டு நிக்குது பாரு."

எல்லோருக்கும் அது சரியென்று பட்டது. ஏணியை எட்டி உதைத்தார்கள். ஏணி விழுந்தது. பக்கெட் அப்படியே நின்றது.

"பதினெட்டாவது இடமும் போச்சு" என்று நல்லசிவம் தேம்பினான். அவன் அழுததைப் பார்த்து மற்ற மூவரும் அழுதார்கள். பாவம், அவர்களுக்கு அவன்மேல் அவ்வளவு பாசம்.

மண்டபத்தில் மாப்பிள்ளையைக் காணோமே என்று பத்து மணிக்குப் பொன்னுக்குட்டியே பைக்கில் வந்து சேர்ந்தார். புதுச் சட்டை, நெற்றியில் சந்தனம். நாலு பேரையும் அண்ணாந்து பார்த்தார். காலிச் சீட்டைப் பார்த்தார்.

"ஏன்டா, சீட்ல ஆரும் இல்லாம எப்படிடா எறங்கும்?"

"நீங்கதானுங்க வெளிய வரச் சொன்னீங்க. உள்ள போகச் சொல்லவேயில்லையே."

அவர் உள்ளே உட்கார்ந்து, மடிக்கம்பியை இறக்கி, லிவரைத் தொட்டார். பக்கெட் பூப்போல இறங்கியது. கைக்குள் இருந்த ஆயில் தொட்டிக்குத் திரும்பியது. அங்கே ஏற்கனவே ஒரு கேன் ஆயில் அதிகமாக நிற்கிறதே! திறந்த மூடி வழியாக ஆயில் பொங்கி, சத்தம் கேட்டுப் பின்பக்கம் ஓடிப்போன பொன்னுக்குட்டியின் புதுச் சட்டையை நனைத்தது.

திருமலைசாமி பாய்ந்து போய் அவர் நெஞ்சில் அட்டையை வைத்து அழுத்தினான். அட்டை சொதசொதவென்று நனைந்தது.

"கசிவு என்கிட்ட இல்லடா, இவருகிட்டடா!" என்று ஆனந்தக் கண்ணீர் விட்டான்.

"மொதல்ல மாப்பிள்ளைக்கு வேட்டியக் கட்டுங்கடா" என்றார் பொன்னுக்குட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு.

நாலு பேரும் மெதுவாக மரத்து உச்சியைப் பார்த்தார்கள்.

அவரே திரும்ப உட்கார்ந்து, நல்லசிவத்தை மட்டும் ஏற்றி, வேட்டியோடு இறக்கினார். பிறகு நாலு பேரையும் வரிசையாக நிற்கவைத்துச் சொன்னார்: "நல்லாக் கேட்டுக்குங்க. இந்தச் சீட்ல ஒரு ஆள் உக்காந்து, கம்பிய எறக்கினாத்தான் மேல போனவன் கீழ வர முடியும். செத்தாலும் மறக்கக் கூடாது."

"மறக்க மாட்டோமுங்க" என்றார்கள். அதை மட்டும் அவர்கள் மறக்கவேயில்லை.

எதற்கும் இருக்கட்டும் என்று லோடரையும் ஓட்டிக்கொண்டே மண்டபத்துக்குப் போனார்கள். பத்து இருபத்தாறுக்கு நல்லசிவம் மேடை ஏறினான். பத்து இருபத்தெட்டுக்கு வெற்றிலை பாக்கு மாறியது. மாமனார் கடிகாரத்தைப் பார்த்து, வாழ்க்கையில் முதல் தடவையாகச் சிரித்தார்.

"மாப்பிள்ளை, சாப்பிட வாங்க" என்று எல்லோரும் கூப்பிட்டார்கள். நல்லசிவம் மேடையில் போட்ட நாற்காலியை விட்டு நகரவில்லை.

"அர்த்தநாரி வண்டியில உக்காந்திருக்கானான்னு பாத்துச் சொல்லுங்க. நான் எறங்கோணும்."

ஆள் போய்ப் பார்த்து வந்தார். அர்த்தநாரி முதல் பந்தியில் இரண்டாவது பாயசத்தில் இருந்தான். குப்புராசும் திருமலைசாமியும் அவனுக்கு இரண்டு பக்கமும். எந்திரித்தால் இலையை எடுத்துவிடுவார்கள், வர முடியாது என்று சொல்லியனுப்பினார்கள்.

மாமனாரின் புருவம் ஏறியது. கூட்டம் முணுமுணுத்தது. நல்லசிவத்தின் கண்ணில் மறுபடி தண்ணீர் கட்டியது.

அப்போது செல்வநாயகி எழுந்தாள். பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒருவரிடமும் ஒன்றும் கேட்காமல் விடுவிடுவென்று வெளியே போனாள். லோடருக்குள் ஏறி உட்கார்ந்தாள். கம்பியை மடிமேல் இறக்கினாள். பிறகு மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரிக் குரல் கொடுத்தாள்.

"ஏனுங்க, உக்காந்துட்டேன்! இப்ப மெதுவா எறங்கி வாங்க!"

நல்லசிவம் நல்லபடியாக மேடையிலிருந்து இறங்கினான். பத்துப் பொருத்தமும் இருக்கிறது என்று ஜோசியர் எழுதிக் கொடுத்தது சும்மா இல்லை. சாப்பிட்டு முடித்து வெளியே வந்த அர்த்தநாரி, கூண்டுக்குள் உட்கார்ந்திருந்த செல்வநாயகியைப் பார்த்துத் தலையில் கை வைத்தான்.

"அய்யோ, இப்ப இந்தப் புள்ளைய எறக்கறதுக்கு இன்னொரு லோடருக்கு எங்கடா போறது?"