பொறுமை கேட்டுப் போன கதை

மலையடிவாரத்துச் சாமியைப் பார்க்க ஒரு சனிக்கிழமை காலை கதிரேசன் தன் மனைவி சுகந்தியையும் பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனான். எட்டு வருஷமாக அவன் அவருடைய சீடன். சுகந்தி வருவது இதுதான் முதல் தடவை. அதுவும் அரை மனசாகத்தான் வந்திருந்தாள்.

சாமி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பிள்ளைகள் முற்றத்தில் விளையாடப் போனார்கள்.

"சாமி, இவளுக்குக் கொஞ்சம் பொறுமை சொல்லிக் கொடுக்கணும்" என்றான் கதிரேசன்.

சுகந்திக்குச் சுருக்கென்றது. பக்கத்தில் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருப்பவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், காய்ச்சல்காரியை டாக்டரிடம் காட்டுவதுபோலப் பேசுகிறான்.

"என்ன விஷயம்?" என்றார் சாமி.

"போன வருஷம் நீங்க பேசினீங்களே சாமி, பிள்ளைகளுக்கு வீடே பள்ளிக்கூடமா இருக்கட்டும்னு. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். பள்ளிக்கூடம் போனா பிள்ளைங்க கெட்டதைத்தான் கத்துக்கிட்டு வருதுங்க. ரெண்டு பேரையும் நிறுத்தியாச்சு. நாங்க ரெண்டு பேருமே வீட்டுல இருந்துதான் வேலை பார்க்கிறோம், அதனால சிரமமில்ல. ஆனா இவ எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழறா. வேலையை விட்டுடுன்னு சொல்லிட்டேன். நீங்களும் ஒரு வார்த்தை சொன்னா கேட்டுக்குவா."

சிரமமில்லையாம். அவனுக்கென்ன, உள்ரூம் இருக்கிறது. காலை ஒன்பது மணிக்குக் கதவைச் சாத்தினால் சாப்பாட்டுக்குத்தான் திறப்பான். சுகந்திக்குச் சாப்பாட்டு மேஜை. டாக்டர்கள் பேசி அனுப்புவதைக் காதில் மாட்டிக் கேட்டு டைப் அடிக்கிற வேலை அவளுக்கு. பதினோரு வருஷத்தில் நல்ல பெயர் வாங்கியிருந்தாள். இப்போது மேஜையின் ஒரு முனையில் கம்ப்யூட்டர், மறு முனையில் பெரியவள் ஆதிரையின் கணக்கு நோட்டும் சின்னவன் நன்மாறனின் சிலேட்டும்.

"நான் பேசலாமா சாமி?" என்றாள்.

"பேசும்மா."

"போன செவ்வாய்க்கிழமை, ஒரு நோயாளிக்கு வலது முழங்கால்ல ஆபரேஷன்னு டாக்டர் சொல்றாரு. அதே நேரத்துல சின்னவன் வந்து, இடது கை எதும்மான்னு கேட்டான். நான் இடது முழங்கால்னு அடிச்சிட்டேன். மேல சரிபார்க்கிறவங்க கண்ணுல பட்டதால அந்த மனுஷன் பிழைச்சாரு. இல்லேன்னா நல்ல காலைக் கிழிச்சிருப்பாங்க. இன்னொரு தப்பு வந்தா வீட்டுக்குப் போயிடுன்னுட்டாங்க. நான் ஏற்கெனவே வீட்டுலதான் இருக்கேன். எங்க போறது?"

"இதைத்தான் சாமி நானும் சொல்றேன், கவனம் சிதறுது" என்றான் கதிரேசன். "தியானம் ஏதாவது சொல்லிக் கொடுத்தா..."

சுகந்திக்கு அதற்குமேல் தாங்கவில்லை. "இவருக்கு மட்டும் ஏன் சிதறலைன்னு கேளுங்க சாமி. நீங்க ஒரு வார்த்தை பேசிட்டுப் போயிட்டீங்க. இவர் அதைக் கேட்டுட்டு வந்துட்டாரு. ஒரு வருஷமா மாரடிக்கிறது நான்."

"சுகந்தி" என்று அதட்டினான் கதிரேசன்.

"என்னைத்தானே கேக்கறா, கேக்கட்டும்" என்றார் சாமி. கீரையை ஒதுக்கி வைத்தார். "ரெண்டு பேரும் கண்ணை மூடி உட்காருங்க. நான் சொன்னதும் திறந்தா போதும்."

உட்கார்ந்தார்கள்.

"அம்மா, தண்ணி" என்று ஓடி வந்தான் நன்மாறன். கொடுத்து அனுப்பினாள். "அம்மா, இந்தப் பூ பேரென்ன?" என்றாள் ஆதிரை. "அம்மா, எறும்பு கடிச்சிருச்சு." "அம்மா, அவன் என்னைத் தள்ளிட்டான்." "அம்மா, செருப்பு வாரு அறுந்துருச்சு." ஒவ்வொரு தடவையும் அப்பாவின் மடியை ஜாக்கிரதையாகத் தாண்டித்தான் வந்தார்கள். அவன்மேல் ஒரு விரல் படவில்லை. சாமி பார்த்துக்கொண்டே இருந்தார்.

"திறக்கலாம்" என்றார் கடைசியில்.

"மனசு நல்லா நிலைச்சுது சாமி" என்றான் கதிரேசன். அவன் முகத்தில் அப்படி ஒரு சாந்தம். "இவளைப் பார்த்தீங்களா, ஒரு நிமிஷம் உட்கார முடியல."

சாமி ஆதிரையைக் கூப்பிட்டார். அவளுக்கு ஒன்பது வயது.

"அப்பாவைத் தாண்டித் தாண்டி அம்மாகிட்டயே போனியே பாப்பா, அப்பாகிட்ட ஏன் கேக்கல?"

"அப்பாவைத் தொந்தரவு பண்ணக் கூடாது. அப்பா வேலை பார்க்கிறாங்க."

"அம்மா?"

ஆதிரை கொஞ்சம் யோசித்தாள். "அம்மா வீட்டுல இருக்காங்க."

பெருக்கல் வாய்ப்பாட்டிலிருந்து பூமி சுற்றுவது வரை சுகந்தியிடம் படித்த பிள்ளை இது. உஷ், அப்பா மீட்டிங்கில் இருக்கார் என்று தினம் பத்துத் தடவை சொல்லிப் பழக்கியதும் அவளேதான். தன்மேலேயே கோபம் கோபமாக வந்தது.

"சின்னப் பொண்ணு சாமி, தெரியாம சொல்லுது" என்றான் கதிரேசன்.

"தெளிவாத்தானே சொல்றா. எந்தப் பள்ளிக்கூடத்துல கத்துக்கிட்டா?"

கதிரேசன் தலை குனிந்தான்.

"நான் வேலையை விடமாட்டேன் சாமி" என்றாள் சுகந்தி. "நீங்க சொன்னாலும் விடமாட்டேன்."

"நான் சொல்லலைம்மா. போன வருஷம் சொன்னதே அதிகம்."

கதிரேசன் மெதுவாக நிமிர்ந்தான். "அப்ப நான் என்ன செய்யணும் சாமி?"

"திங்கக்கிழமை காலையில சின்னவனுக்கு என்ன பாடம்?"

பழக்கதோஷம், கதிரேசன் சுகந்தியின் பக்கம் திரும்பினான். அவளுக்கும் பழக்கதோஷம்தான், பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"அவளைப் பார்க்காதே" என்றார் சாமி.